பழம் வரைந்த கைகள்



கெடா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள கூலிம் பட்டணத்திற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம். கூலிம் என்பது ஒரு காட்டு மரத்தின் பெயர். அந்த மரத்தின் பெயரே ஊருக்கு வந்தது என்பர். அதன் பழத்தை நசுக்கி முகர்ந்தால் வெள்ளைப் பூண்டின் மணம் வரும். தாவர அறிஞர்கள் அதற்கு இட்ட பெயருக்கும் 'பூண்டுப் பழம்' என்பதே பொருள். ஆக, நாம் அன்றாடம் உச்சரிக்கும் ஊர்ப் பெயரிலேயே ஒரு பழமரம் நிற்கிறது.

அந்த மரங்கள் நின்ற காடு அழிந்து ரப்பர்த் தோட்டம் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1990ஆம் ஆண்டுகளில் கூலிம் ஹைடெக் பூங்கா எழுந்தது. ஒரு காலத்தில் பால்வாளி தூக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைப் பேருந்து ஏறிச் சென்று கணினிச் சில்லுகளைச் சோதிக்கிறார்கள். இவ்வளவு மாறிய பின்னும் மாறாத ஒன்று உண்டு. பழக்காலம் வந்துவிட்டால் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுரியானும் சடக்கு ஓரத்தில் குவிந்துவிடும்.

இந்தப் பழங்களைத் தின்ற கதை நமக்குத் தெரியும். இவற்றை முதன்முதலில் தாளில் வரைந்தவர்களின் கதை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பழத்தை ஏன் வரைய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1839ஆம் ஆண்டில்தான் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு தூர தேசத்தில் இருப்பவருக்கு ஒரு பொருளைக் காட்ட வேண்டுமானால் ஒன்று பொருளையே அனுப்ப வேண்டும். அல்லது அதன் படத்தை அனுப்ப வேண்டும். இங்கிருந்து இங்கிலாந்துக்குப் பாய்மரக் கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். மங்குஸ்தீன் அவ்வளவு நாள் தாங்குமா? ரம்புத்தானின் முடி இரண்டு மூன்று நாளிலேயே கறுத்து வாடிவிடுகிறதே! இலையையும் கிளையையும் உலர்த்தித் தாளில் ஒட்டி அனுப்பலாம். சாறு நிறைந்த பழத்தை அப்படி உலர்த்த முடியாது. நிறமும் போய்விடும், வடிவமும் போய்விடும். எனவே, பழத்திற்குப் பதிலாக அதன் படம் கப்பல் ஏறியது.

இதற்குப் பின்னால் வாணிகமும் இருந்தது. 1786ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடப்பட்டன. எந்த மரம் எங்கே விளைகிறது, எதன் காய் விலை போகும், எதன் பட்டை மருந்தாகும் என்று கம்பெனியார் அறிய விரும்பினர். அறிவு ஆசையும் பண ஆசையும் ஒரே கப்பலில் பயணம் செய்த காலம் அது.

அந்தக் காலத்தில் மலாக்காவில் அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஃபர்குவார். 1803 முதல் 1818 வரை அந்நகரின் நிருவாகம் அவர் பொறுப்பில் இருந்தது. பின்னர் 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாகவும் ஆனார். அவருக்குச் செடி கொடிகளிலும் விலங்குகளிலும் தீராத ஆர்வம். சீன ஓவியர்களை அமர்த்தி, இத்தீபகற்பத்தின் மரம், பூ, பழம், பறவை, மீன், விலங்கு எல்லாவற்றையும் வரையச் செய்தார். அவ்வாறு சேர்ந்த 477 நீர்வண்ணப் படங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் நம் மங்குஸ்தீன் இருக்கிறது. நம் ரம்புத்தானும் இருக்கிறது. படங்களில் மலாய்ப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தச் சீன ஓவியர்கள் செய்த வேலை எளிதானது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மங்குஸ்தீனை மேசைமேல் வைத்து வரையத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பழத்தின் கருஞ்சிவப்பு நிறத்தைத் தீட்டுவது முதல் வேலை. அடுத்து, பழத்தை வெட்டி உள்ளே இருக்கும் வெள்ளைச் சுளையைக் காட்ட வேண்டும். வெட்டிய மறுகணமே காலம் ஓடத் தொடங்கிவிடும். வெண்மை மங்கும், தோலின் சாறு கசிந்து பட்ட இடமெல்லாம் கறையாகும். அந்தக் கறை துணியில் பட்டால் போகாது என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். தாளில் பட்டால் என்ன ஆகும்?

இன்னொன்றும் உண்டு. மங்குஸ்தீனின் அடிப்புறத்தில் சிறு பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் இருந்தால் ஆறு சுளை. நம் பிள்ளைகள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். ஓவியர் வெளியே ஆறு இதழும் உள்ளே ஐந்து சுளையும் வரைந்துவிட்டால், அந்தப் படம் பொய் சொன்னதாகிவிடும். ஆகவே, அழகாக வரைந்தால் மட்டும் போதாது. எண்ணியும் வரைய வேண்டும்.

தாவரப் படங்களில் ஒரே தாளில் பூவும் காயும் பழமும் விதையும் காட்டப்படுவது வழக்கம். ஆனால் மரம் அப்படி எல்லாவற்றையும் ஒன்றாகத் தருவதில்லை. பூ விரிந்து பழம் பழுக்கச் சில மாதங்கள் செல்லும். முழுப் படமும் வேண்டுமானால் பூவை வரைந்துவிட்டுத் தாளில் இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். பழம் வந்ததும் மீண்டும் அதே தாளை எடுக்க வேண்டும். பருவத்துக்குக் காத்திருக்கும் அந்தப் பொறுமை உழவனுக்கும் உரியது, ஓவியனுக்கும் உரியது.

இவ்வளவு பாடுபட்ட அந்த ஓவியர்களின் பெயர் என்ன?

நேயர்களே, அந்தப் பெயர்கள் எழுதி வைக்கப்படவில்லை. வரையச் சொன்னவரின் பெயர் அந்தத் தொகுப்புக்கே பெயராகிவிட்டது. பழத்தின் பெயர் படத்திலேயே இருக்கிறது. வரைந்த கைக்கு மட்டும் பெயர் இல்லை.

அந்தக் கால மலாக்காவில் ஓர் ஓவியரைத் தம் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா. பள்ளிப் பாடத்தில் அவர் பெயரைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அவருக்கும் நமக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். அவருடைய முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து தமிழகத்தின் நாகூருக்கு வந்து, அங்கே மணமுடித்துத் தங்கிய குடும்பத்தினர். அங்கிருந்து மலாக்காவுக்கு வந்தவர் அவருடைய பாட்டனார். தம் பாட்டியின் பெயர் 'பெரி ஆச்சி' என்று அப்துல்லாவே எழுதியிருக்கிறார். நம் காதுக்கு அது பெரியாச்சி என்றுதானே கேட்கிறது! மலாக்காவில் அன்று வாணிகத்திற்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டியிருந்ததால், தந்தையார் தம்மைத் தமிழ் படிக்க வைத்ததையும் அப்துல்லா குறித்துள்ளார்.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். இளைஞரான அப்துல்லா அவரிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டில் கண்டதையெல்லாம் பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் எழுதினார். 'ஹிக்காயாட் அப்துல்லா' எனப்படும் அந்நூல் 1849இல் அச்சாயிற்று. ராஃபிள்ஸ் ஒருவரை இலை, பூ தேடவும், ஒருவரைப் பூச்சி பிடிக்கவும், ஒருவரைச் சிப்பி சேர்க்கவும், ஒருவரை விலங்கு, பறவை கொண்டுவரவும் அமர்த்தியிருந்தாராம். கூடவே மக்காவைச் சேர்ந்த சீனர் ஒருவரும் இருந்தாராம். பழங்களையும் பூக்களையும் உயிருள்ளவைபோல் வரைவதில் அவர் வல்லவர் என்று அப்துல்லா வியந்து எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டின் கூடத்தை நாம் மனக்கண்ணால் பார்க்கலாம். பழம் கொண்டுவந்தவர் நிற்பார், எழுத்தர் நிற்பார், வருவோர் போவோர் எட்டிப் பார்ப்பார்கள். நடுவில் ஒருவர் தூரிகையோடு குனிந்திருப்பார். அவரைச் சுற்றி நின்ற அனைவரும் அந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவர்கள். நிறம் சற்றே மாறினாலும் சொல்லிவிடுவார்கள். அத்தகைய கூட்டத்தின் கண்ணுக்கு அப்பழம் உயிருள்ளதுபோல் தோன்றியது என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எது? ஆயினும் அப்துல்லாகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. மக்காவ் சீனர் என்பதோடு நின்றுவிட்டார்.

பெயர் மட்டும்தான் போயிற்றா? சில வேளை படமும் போயிற்று. 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ராஃபிள்ஸ் சுமத்திராவின் பெங்கூலனிலிருந்து 'ஃபேம்' என்னும் கப்பலில் தாயகம் புறப்பட்டார். அன்று மாலையே கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பினார்கள். ஆனால் அவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களும் கையெழுத்துச் சுவடிகளும் சாம்பலாயின. அவர் கரை திரும்பியதும் ஓவியர்களை மீண்டும் வரையச் சொன்னார். அடுத்த கப்பல் புறப்படுவதற்குள் சில வாரங்களில் புதிய படங்கள் தயாராயின. எரிந்ததை எண்ணி வருந்தியவர் ராஃபிள்ஸ் என்று வரலாறு சொல்கிறது. மறுபடியும் முதலிலிருந்து வரைய அமர்ந்தவர்களின் மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் எழுதவில்லை.

ஃபர்குவாரின் படங்களுக்கு நல்ல காலம் இருந்தது. அவர் அவற்றை இலண்டனில் உள்ள அரச ஆசியக் கழகத்திற்குக் கொடுத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கே இருந்தன. 1993இல் ஏலத்துக்கு வந்தன. சிங்கப்பூர் வணிகர் கோ கியோக் கிம் அவற்றைச் சுமார் 30 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி, அந்நாட்டு அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்தார். மலாக்காவில் பெயரில்லாதார் வரைந்த பழங்கள் இலண்டனைச் சுற்றிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பி வந்தன.

இனித் தமிழகத்துப் பக்கம் பார்ப்போம். அங்கே இதே காலத்தில் இதே வேலை நடந்தது. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது.

இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தென்னிந்தியச் செடிகளைத் திரட்டி ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் இருவர்: ஒருவர் ரங்கையா, அவருக்குப் பின் வந்தவர் கோவிந்து. 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெருந்தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவற்றில் ரங்கையா வரைந்தார், கோவிந்து வரைந்தார் என்று ஓவியர் பெயரும் அச்சிடப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். 'கோவிந்தூயா' என்பது அதன் பெயர். பின்வந்த அறிஞர்கள் அந்தச் செடியை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும், நூலில் ஏறிய பெயர் நூலில் இருக்கிறது. ஆய்வாளர்கள் தேடிச் சென்று அந்த இருவரின் வேலையை இன்று தனியே பாராட்டுகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ரங்கையாவும் கோவிந்துவும் மலாக்கா ஓவியர்களைவிடச் சிறந்தவர்கள் என்பதால் அவர்கள் பெயர் நிலைக்கவில்லை. ஒருவர் அந்தப் பெயரை எழுதி வைத்தார், அதனால் நிலைத்தது. அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேரியன் நார்த் என்பது அவர் பெயர். 1830இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வசதியான குடும்பம். தந்தை இறந்தபின், 1871 முதல் உலகம் சுற்றி ஓவியம் வரையப் புறப்பட்டார். நீர்வண்ணம் அல்ல, எண்ணெய் வண்ணம். வீட்டுக்குள் மேசைமுன் அமர்ந்து வரைவதோடு நில்லாமல், செடி நிற்கும் இடத்துக்கே சென்று அங்கே பலகை நிறுத்தி வரைந்தார். 1876இல் சிங்கப்பூருக்கும் சரவாக்குக்கும் வந்தார். பின்னர் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சென்றார். தஞ்சாவூரிலும் தங்கி வரைந்தார். மங்குஸ்தீனின் பூவையும் பழத்தையும் வரைந்து, பக்கத்தில் ஒரு குரங்கையும் உட்கார வைத்தார். பழத்தோட்டத்தில் குரங்கு செய்யும் சேட்டையைக் கண்டவர்களுக்கு அந்தப் படம் சிரிப்பை வரவழைக்கும்.

இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தில் தம் படங்களுக்காகவே சொந்தச் செலவில் ஒரு மண்டபம் கட்டினார். அது 1882இல் திறக்கப்பட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் அங்கே சுவர் நிறைய மாட்டப்பட்டுள்ளன. வருகிறவர்கள் களைப்பாற ஒரு கோப்பைத் தேநீரோ காப்பியோ கிடைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். தோட்டத்தின் தலைவர் அதற்கு இடம் தரவில்லை. அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வாசற்பக்கத்தில் வரைந்துவிட்டார்! குடிக்கத்தான் கொடுக்கவில்லை, பார்த்துவிட்டாவது போகட்டும் என்று எண்ணினார் போலும்.

அவர் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தனியொரு பெண் அத்தனை தொலைவு பயணம் செய்வது அக்காலத்தில் அரிய செயல். ஆனால் பணமும் அறிமுகக் கடிதங்களும் கையில் இருந்தவருக்கு மண்டபத்தின் மேலேயே பெயர் இருக்கிறது. கூலிக்கு வரைந்தவருக்குத் தாளின் மூலையில்கூட இடம் இல்லை.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்தக் கதை புதியதன்று. நம் பாட்டன்மார் வெட்டிய பால் ரப்பர் ஷீட்டாகிக் கப்பலேறியபோது, அதன்மேல் தோட்டத்தின் முத்திரை இருந்தது. வெட்டிய கையின் பெயர் செக்ரோலில் மட்டும் இருந்தது. தோட்டம் கைமாறியபோது அந்தச் செக்ரோல் புத்தகங்கள் எத்தனை கறையானுக்குப் போயின! லைன் வீட்டுக்குப் பின்னால் நின்ற டுரியானையும் நங்காவையும் நட்டது யார்? அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். குடும்பம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பின், இயந்திரம் வந்து மரத்தைச் சாய்க்கும்போது கேட்டால் யாருக்கும் தெரியாது.

இதனால்தான் எம் பள்ளியில் ஓவிய வகுப்பை விளையாட்டு வகுப்பாக நாங்கள் நினைப்பதில்லை. பழக்காலத்தில் ஆளுக்கொரு பழம் கொண்டுவரச் சொல்வோம். முதலில் முழுதாக வரைய வேண்டும்; பிறகு வெட்டி வரைய வேண்டும்; அதன் பிறகே தின்னலாம். இந்த மூன்றாம் விதியைக் காப்பதுதான் ஆசிரியர்களுக்குப் பெரும்பாடு.

ஒருமுறை பள்ளிச் சுவரில் பெரிதாகப் பழங்கள் தீட்ட ஏற்பாடு செய்தோம். வகுப்பறையில் கூச்சமில்லாமல் வரைந்த பிள்ளைகள், பெற்றோர் சுற்றி நின்று பார்த்ததும் கை நடுங்கினார்கள். ரம்புத்தான் தீட்டிக்கொண்டிருந்த மாணவியிடம், பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி வந்து நின்றார்.

"ஏம்மா, கொத்து மேல பாத்துக்கிட்டு நிக்குதே? பழம் கனத்தா கீழதான தொங்கும்," என்றார்.

பிள்ளை சற்று யோசித்தாள். பிறகு காம்பை வளைத்துக் கொத்தைக் கீழே தொங்கவிட்டாள். அதன்பின் அந்தப் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. அறைக்குள் தனியே வரைந்தால் கையும் கண்ணும் மட்டுமே ஆசான். பத்துப் பேர் நடுவே வரைந்தால் ஊரே ஆசான் ஆகிவிடுகிறது. சுவரின் அடியில் வரைந்த பிள்ளைகள் அனைவரின் பெயரையும் எழுதச் சொன்னோம். பாட்டியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அந்த மாணவியே கேட்டாள். சேர்த்தோம்.

பெற்றோர்களே! இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாம். பிள்ளை உட்கார்ந்து பழத்தை வரைவது எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கைப்பேசி பார்த்துக்கொள்ளும், நாம் பார்க்க வேண்டியதில்லை என்ற பழக்கம் அதனால் வந்துவிடுகிறது. வரைகிற பிள்ளை எண்ணிப் பார்க்கிறது, தொட்டுப் பார்க்கிறது, வெட்டிப் பார்க்கிறது. நாளை ஹைடெக் பூங்காவில் நுண்ணோக்கியின் வழியே சில்லைச் சோதிக்கப் போகும் கண்ணுக்கு, இன்று மங்குஸ்தீனின் இதழை எண்ணுவது நல்ல பயிற்சி.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். உங்கள் பிள்ளை ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால், அதன் பின்புறத்தில் மூன்று செய்திகளை எழுதச் சொல்லுங்கள். வரைந்தவர் பெயர், வரைந்த நாள், அந்தப் பழம் எந்த மரத்தினுடையது என்பன அவை. மரத்தை நட்டவர் யார் என்று தெரிந்தால் அந்தப் பெயரையும் எழுதுங்கள். தாத்தா, பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மலாக்காவின் அந்த ஓவியருக்காக இதை யாரும் செய்யவில்லை. நம் பிள்ளைகளுக்காக நாம் செய்யலாம். அதற்கு ஒரு பென்சில் போதும்.